வானத்திலிருந்து தொடங்கியவர்: ரூவான் அருங்காட்சியகத்தில் அல்ஃப்ரெட் சிஸ்லி

வடக்கு பிரான்சில் செய்ன் நதிக்கரையில் இருக்கிறது ரூவான். அந்த நகரத்துக்குப் போகிறவர்கள் முதலில் கதீட்ரலைப் பார்க்கிறார்கள். பிறகு பத்து நிமிட நடையில் இருக்கும் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போய், அதே கதீட்ரலை க்ளோத் மோனே தீட்டிய ஓவியத்தைத் தேடுகிறார்கள். 1892லும் 1893லும் கதீட்ரலுக்கு எதிர்ப்பக்கத்து ஜன்னல்களில் இருந்தபடி தொடங்கி, பின்னர் தன் ஓவியக்கூடத்தில் மோனே முடித்த ஏறத்தாழ முப்பது ஓவியங்களில் ஒன்று இந்த ஊரிலேயே இருக்கிறது. கல்லால் ஆன கதீட்ரலையும் வண்ணத்தால் ஆன கதீட்ரலையும் ஒரே நாளில் பார்க்கக் கிடைப்பது பெரும்பேறுதான். ஆனால் அந்த அவசரத்தில் பலரும் நின்று பார்க்காமல் கடந்துவிடுகிற ஓவியங்களும் அங்கே உண்டு. 1876ல் அல்ஃப்ரெட் சிஸ்லி தீட்டிய ‘போர்-மார்லியில் வெள்ளம்’ அவற்றில் முதன்மையானது.

சிறிய ஓவியம். அரை மீட்டர் உயரம், அகலம் அதைவிடச் சற்றுக் கூடுதல். பாரிசுக்கு மேற்கே செய்ன் நதிக்கரையில் உள்ள போர்-மார்லி கிராமத்தின் தெரு தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. ‘சேன் நிக்கோலா’ என்று பெயர்ப்பலகை தொங்கிய ஒரு திராட்சை மது வணிகரின் வீடு நீருக்குள் நிற்கிறது. அருகில் படகுகள், அவற்றில் சில மனிதர்கள், அப்பால் தண்ணீரிலிருந்து நேராக எழும் மரங்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலே, ஓவியத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு, மேகங்கள் நகரும் வானம்.

அழுகிற முகம் இல்லை. கூரைமேல் ஏறித் தவிக்கிறவர் இல்லை. சீறிவரும் அலை இல்லை. வெள்ளம் என்ற தலைப்பைப் படித்துவிட்டுப் பார்ப்பவருக்கு முதல் பார்வையில் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். சிஸ்லியை விமர்சித்தவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த குறையும் இதையொட்டியதுதான்: இனிமையான ஓவியர், ஆனால் அழுத்தம் போதாது. அந்தத் தீர்ப்பு தவறு என்பதை நிறுவ இந்த ஓவியத்தை நிதானமாகப் பார்ப்பதைவிடச் சிறந்த வழி இல்லை.

செய்ன் எப்படிப்பட்ட நதி என்பதிலிருந்து தொடங்கலாம். அதன் நீளம் 777 கிலோமீட்டர். பிறக்கும் இடமோ கடல்மட்டத்துக்கு மேல் ஐந்நூறு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. இத்தனை மெல்லிய சரிவில் ஓடும் நதியில் வெள்ளம் பாய்ந்து வருவதில்லை, ஏறி வருகிறது. குளிர்காலமும் வசந்தத்தின் தொடக்கமும்தான் அதற்குப் பருவம். மண் ஏற்கெனவே ஈரத்தில் ஊறியிருக்கும், மரங்களில் நீரை உறிஞ்ச இலை இருக்காது. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் உயர்ந்து, தெருவுக்குள் வந்து, வாசற்படி ஏறி, பல நாள் அங்கேயே நின்று, வந்ததுபோலவே மெதுவாக வடிகிறது. 1876 மார்ச்சில் நடந்தது இதுதான். அப்போது சிஸ்லி வசித்தது போர்-மார்லிக்கு மேலே மேட்டில் இருந்த மார்லி-லெ-ருவாவில். அங்கிருந்து இறங்கி வந்து அவர் பார்த்த வெள்ளம், ஒரு தெரு சில நாட்களுக்குக் குளமாக மாறிய நிலை. மக்கள் படகில் ஏறி வீட்டுக்குப் போனார்கள், படகில் இறங்கிக் கடைக்குப் போனார்கள். ஓவியத்தில் உள்ள அசைவின்மை, ஓவியர் துயரத்தைக் கண்டுகொள்ளாததால் வந்தது அல்ல. அந்த நதியின் வெள்ளம் அப்படித்தான் இருக்கும் என்பதை அறிந்த கண்ணின் துல்லியம் அது.

இனி கித்தானுக்கு அருகில் போகலாம். கையெட்டும் தூரத்தில் நின்றால் படகில் இருக்கும் மனிதர்கள் மனிதர்களாக இருப்பதில்லை. கருமையான சில தீற்றல்கள், அவ்வளவே. இரண்டு மூன்று தப்படி பின்னால் வந்தால் அதே தீற்றல்கள் குனிந்து துடுப்புக்கழியைப் பிடித்திருக்கும் உடல்களாகின்றன. தண்ணீரைத் தீட்டிய விதம் இன்னும் நுட்பமானது. கிடைமட்டமான சிறிய தீற்றல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நீரின் பரப்பை உருவாக்குகின்றன. வீடு பிரதிபலிக்கும் இடத்தில் மட்டும் சுவரின் காவிச் சாயல் கலந்த நிறங்கள் மேலிருந்து கீழாக இறங்கி, குறுக்கே போகும் நீலத்தாலும் சாம்பலாலும் உடைபடுகின்றன. நின்ற தண்ணீர் முழுக்க நிற்பதில்லை, காற்றில் சற்றே சிலிர்த்துக்கொண்டிருக்கிறது என்பதை இந்தச் செங்குத்து, கிடைமட்ட உரசல் ஒன்றே சொல்லிவிடுகிறது. வீட்டுச் சுவர் வேறு கையால் தீட்டியதுபோல இருக்கிறது: அமைதியான, பரந்த பூச்சு. வானத்தில் மறுபடியும் தூரிகை மாறுகிறது. மேகங்களின் ஓரத்தில் வெள்ளை தடிப்பாக ஏறுகிறது, நீலம் மெலிதாகத் தங்குகிறது.

இந்த வேறுபாடு தற்செயலாக வந்ததல்ல. கலை விமர்சகர் அடோல்ஃப் தவெர்னியேவுக்கு எழுதிய கடிதமொன்றில் சிஸ்லி தன் வேலைமுறையை விளக்கியிருக்கிறார். அவரைப் பற்றிக் கிடைக்கும் தன்வாய்மொழி மிகக் குறைவு என்பதால் அந்தக் கடிதம் பொக்கிஷம். தான் எப்போதும் வானத்திலிருந்தே ஓவியத்தைத் தொடங்குவதாக அதில் சொல்கிறார். வானம் வெறும் பின்புலம் அல்ல, அதற்கும் தரையைப்போல ஆழமும் அடுக்குகளும் உண்டு, ஓவியத்துக்கு அசைவைத் தருவதும் அதுவே என்பது அவர் கருத்து. ஒரே ஓவியத்தில் எல்லாப் பகுதிகளையும் ஒரே விதமாகத் தீட்டக் கூடாது, பொருளுக்கேற்ப மேற்பரப்பு மாற வேண்டும் என்றும் அதே கடிதத்தில் வாதாடுகிறார்.

வெள்ள ஓவியங்களில் இந்தக் கொள்கை தன் உச்சத்தைத் தொடுகிறது. ஏன் என்று யோசித்தால் காரணம் எளிது. சாதாரண நாளில் வானம் மேலே, தெரு கீழே. தெருவில் தண்ணீர் நின்றுவிட்டால் வானம் தரைக்கும் வந்துவிடுகிறது. கித்தானின் மேல்பாதியில் தொடங்கிய வெளிச்சம் கீழ்ப்பாதியிலும் தொடர்கிறது. நடுவில் அந்த வீடு மட்டும் இரண்டு வானங்களுக்கு இடையே கனத்து நிற்கிறது. வானத்திலிருந்தே தொடங்கும் ஓவியருக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி வாய்க்காது. சிஸ்லியும் அதை உணர்ந்திருக்க வேண்டும். 1872லேயே அதே ஊரில் வெள்ளத்தைத் தீட்டியிருந்தவர், 1876ல் குறைந்தது ஆறு கித்தான்களை அதற்கே கொடுத்தார்.

அச்சுப் பிரதியில் இவை எதுவும் முழுதாகத் தெரிவதில்லை. கலைப் புத்தகங்களிலும் கைப்பேசித் திரையிலும் சிஸ்லியைப்போல நட்டப்படும் ஓவியர் குறைவு. மோனேயின் வண்ணங்கள் உரத்தவை; சிறிதாகச் சுருக்கினாலும் தாக்குப்பிடிக்கும். சிஸ்லியின் வேலை அருகருகே இருக்கும் சாம்பல்களுக்கு இடையிலான சின்னச் சின்ன வித்தியாசத்தில் நடக்கிறது: நீலச் சாம்பல், ஊதா கலந்த சாம்பல், ஈரமான வெள்ளை. அச்சில் இவை ஒன்றோடொன்று கரைந்து ஒரே மங்கலாகிவிடுகின்றன. அவரை நேரில் பார்க்காதவர்கள் ‘இனிமையானவர்’ என்று சொல்லி நகர்ந்துவிடுவதற்கு இது ஒரு பெரிய காரணம். நகர அருங்காட்சியகம் ஒன்றின் சுவரில், மூலக் கித்தானின் முன் செலவழிக்கும் கால்மணி நேரம் ஒரு தடித்த புத்தகம் தராததைத் தரும்.

சிஸ்லி பிறந்தது பாரிஸில், 1839ல். பெற்றோர் ஆங்கிலேயர், வாழ்நாள் முழுக்க அவர் பிரிட்டிஷ் பிரஜையாகவே இருந்தார். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு முயன்றும் அது கிடைக்கவில்லை. வியாபாரம் கற்றுக்கொள்ளட்டும் என்று 1857ல் லண்டனுக்கு அனுப்பப்பட்ட இளைஞர், அங்கே கான்ஸ்டபிள், டர்னர் ஆகியோரின் ஓவியங்களைப் பார்த்துவிட்டு ஓவியராகும் முடிவோடு திரும்பினார். 1862ல் ஓவியர் க்ளேரின் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தபோது உடன் இருந்தவர்கள் மோனே, ரெனுவார், பஸீல். அப்போது தந்தையின் பணம் இருந்தது. 1870ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போர் தந்தையின் வியாபாரத்தை நொறுக்கியது. அதன்பின் சிஸ்லி ஓவியத்தை விற்றே பிழைக்க வேண்டியிருந்தது, அந்த ஓவியமோ விற்கவில்லை.

1875 மார்ச்சில் மோனே, ரெனுவார், பெர்த் மொரிஸோ ஆகியோருடன் சேர்ந்து பாரிஸில் ஏலம் விட்டபோது, சிஸ்லியின் ஓவியம் ஒன்றுக்குச் சராசரியாக நூறு பிராங்குக்குச் சற்று மேல்தான் கிடைத்தது. கூட்டத்தின் கூச்சலை அடக்கப் போலீஸ் வரவேண்டியிருந்த ஏலம் அது. வெள்ள ஓவியங்கள் பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டில். வாடகைக்கும் வண்ணத்துக்கும் திண்டாடிய ஒருவர் கையிலிருந்து இத்தனை நிதானமான ஓவியங்கள் வந்திருக்கின்றன என்பது நினைத்துப் பார்க்க வேண்டிய விஷயம்.

இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும், ரூவான் ஓவியத்தைவிடச் சற்றுப் பெரிய வெள்ள ஓவியத்தை சிஸ்லி 180 பிராங்குக்கு விற்றார் என்பது பலமுறை எழுதப்பட்ட செய்தி. அது பின்னர் தவெர்னியேவின் கைக்கு வந்தது. வானத்தைப் பற்றிய கடிதத்தைப் பெற்ற அதே தவெர்னியே. 1900 மார்ச்சில் அவருடைய தொகுப்பு ஏலத்துக்கு வந்தபோது வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த இசாக் த கமோந்தோ அதை 43,000 பிராங்கு கொடுத்து வாங்கினார். சிஸ்லி தொண்டைப் புற்றுநோயால் இறந்து அப்போது ஓராண்டும் சில வாரங்களும் ஆகியிருந்தன.

ரூவானின் கதை வேறு. அங்கே ஓவியங்களைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஒரு நிலக்கரி வியாபாரி. ஃப்ரான்சுவா தெப்போ 1853ல் பிறந்தவர். வேல்ஸிலிருந்து நிலக்கரியை ரூவான் துறைமுகத்தில் இறக்கி விற்றுப் பணக்காரரானார். அந்தப் பணத்தில் மோனே, சிஸ்லி போன்ற இம்ப்ரெஷனிஸ்டுகளின் ஓவியங்களை நூற்றுக்கணக்கில் வாங்கினார். மோனேயின் கதீட்ரல் அவர் வாங்கியதுதான். ஆனால் அவருக்கு மிகப் பிடித்தவர் சிஸ்லி. சந்தை கைவிட்ட காலத்திலும் சிஸ்லியை அவர் கைவிடவில்லை. 1894ல் சிஸ்லி அவருடைய விருந்தினராக ரூவான் பக்கம் வந்து, நகரத்துக்குக் கீழே செய்ன் நதியோரக் கிராமமான சாவூரில் மாலை நேரத்து ஆற்றோரப் பாதையைத் தீட்டினார். அந்த ஓவியமும் இன்று அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1876ன் வெள்ளத்தோடு அதை வைத்துப் பார்த்தால் பதினெட்டு ஆண்டுகளில் தூரிகை எவ்வளவு மாறியிருக்கிறது என்பது தெரியும்: வண்ணம் கூடியிருக்கிறது, தீற்றல் நீண்டிருக்கிறது, பழைய சாம்பல்களின் அடக்கம் குறைந்திருக்கிறது. பிந்தைய சிஸ்லி எப்போதும் முந்தையவரின் உயரத்துக்கு வருவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சாவூருக்குச் சற்று முந்தைய, அதைவிட வலுவான ஓவியமும் அங்கே உண்டு. 1889 முதல் சிஸ்லி நிரந்தரமாகக் குடியிருந்த ஊர் மோரே-சுர்-லுவாங். 1893லும் 1894லும் அந்த ஊரின் தேவாலயத்தை வெயில், மழை, மாலை என்று வெவ்வேறு பொழுதுகளில் பத்துக்கும் மேற்பட்ட கித்தான்களில் தீட்டினார். அவற்றில் முழு வெயிலில் நிற்கும் தேவாலயம் ரூவானுக்கு வந்திருக்கிறது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் மோனே ரூவான் கதீட்ரலைத் தீட்டினார் என்பதால் இரண்டையும் ஒப்பிடாமல் இருக்க முடியாது. மோனே கட்டடத்தை நேர்முகமாக எடுத்து, வானத்தையும் தரையையும் பெரும்பாலும் வெட்டிவிடுகிறார். கல் வெளிச்சத்தில் கரைகிறது. சிஸ்லி மூலையிலிருந்து பார்க்கிறார். தேவாலயத்தின் பக்கச் சுவர், தாங்குசுவர்கள், கூரை, அதை ஒட்டிய தெரு, மேலே வானம் எல்லாம் அவருக்கு வேண்டும். வெளிச்சம் மாறலாம், கட்டடத்தின் எடை மாறாது. போர்-மார்லி மதுக்கடையும் வெள்ளத்தின் நடுவில் அப்படித்தான் நின்றது. மோனேயின் கதீட்ரல் வரிசை ஓவியத்தின் வருங்காலத்தைத் திறந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு இடத்தில் வாழ்ந்து, தினமும் அந்தத் தெருவில் நடந்த ஒருவரின் கண் சிஸ்லியிடம்தான் இருக்கிறது.

1906ல் தெப்போவின் இல்லறம் முறிந்து, சொத்து வழக்கின் விளைவாக அவருடைய தொகுப்பு பாரிஸில் ஏலத்துக்குப் போனது. தன் ஓவியங்கள் சிலவற்றைத் தானே ஏலத்தில் திரும்ப வாங்கினார். அத்தனைக்கும் பிறகு 1909ல் 53 ஓவியங்களை ரூவான் நகரத்துக்குக் கொடையாக அளித்தார். பாரிஸில் கய்போத் என்ற ஓவியர் 1894ல் இறக்கும்போது அரசுக்கு எழுதிவைத்த இம்ப்ரெஷனிஸ்ட் தொகுப்பில் பெரும்பகுதியை ஏற்க அதிகாரிகள் தயங்கினார்கள்; சிஸ்லியின் ஒன்பது ஓவியங்களில் ஆறுதான் உள்ளே போயின. அந்தப் பின்னணியில், பதினைந்தே ஆண்டுகளுக்குள் ஒரு மாகாண நகரம் இத்தனை ஓவியங்களை ஒரேயடியாகப் பெற்றுக்கொண்டது சிறிய செய்தி அல்ல. பாரிசுக்கு வெளியே இம்ப்ரெஷனிசத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ரூவானைத் தவிர்க்க முடியாது என்ற நிலை உருவானது அந்த ஒரு கொடையால்தான்.

தெப்போ செய்த உதவிகளில் இன்னொன்று உண்டு. 1897ல் அவருடைய பணத்தில் சிஸ்லி இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் போனார். பெனார்த்திலும் ஸ்வான்சீ அருகே உள்ள லாங்லாண்ட் விரிகுடாவிலும் முதன்முறையாகக் கடலைத் தீவிரமாகத் தீட்டினார். அந்தப் பயணத்தில், ஆகஸ்ட் 5 அன்று, கார்டிஃப் பதிவாளர் அலுவலகத்தில் யூஜெனியை மணந்தார். முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். பிள்ளைகளுக்குச் சட்டப்படியான நிலை வேண்டும் என்பதே காரணம். அடுத்த ஆண்டு அக்டோபரில் யூஜெனி இறந்தார். 1899 ஜனவரி 29ல் சிஸ்லி இறந்தார். சாவுக்குச் சற்று முன்பு மோனேயை மோரேவுக்கு அழைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டிருந்தார். மோனே முன்னின்று, சிஸ்லி விட்டுச்சென்ற ஓவியங்களோடு நண்பர்கள் அளித்த ஓவியங்களையும் சேர்த்து, அதே ஆண்டு மே மாதம் பிள்ளைகளுக்காக ஏலம் நடத்தினார்.

எல்லாம் சேர்த்து சிஸ்லி தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியங்கள் ஏறத்தாழ தொள்ளாயிரம். மிகச் சிலவற்றைத் தவிர அனைத்தும் நிலக்காட்சிகள். இம்ப்ரெஷனிஸ்ட் என்றால் யார் என்று இளம் ஓவியர் மத்தீஸ் கேட்டபோது, மூத்த ஓவியர் பிஸாரோ எடுத்துக்காட்டாகச் சொன்ன பெயர் சிஸ்லி. சக ஓவியர்கள் அறிந்திருந்த அந்த மதிப்பு, பொதுப் பார்வையாளரிடம் இன்னும் முழுதாக வந்துசேரவில்லை.

அதற்குச் செய்யத்தக்க ஒன்று உண்டு. 1876ன் வெள்ள ஓவியங்கள் இன்று பிரிந்து கிடக்கின்றன: ரூவானில் ஒன்று, ஓர்சேயில் இரண்டு, கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் ஒன்று, மாட்ரிடின் திஸ்ஸன் அருங்காட்சியகத்தில் ஒன்று. 1872ல் தீட்டியது வாஷிங்டனில். மோனேயின் கதீட்ரல்களைத் திரட்டிக் கண்காட்சி நடத்தியிருக்கிறார்கள். வெள்ள ஓவியங்களையும் ஒரே அறையில், தண்ணீர் தெருவில் எவ்வளவு நிற்கிறது என்ற வரிசையில் மாட்டினால், ஓவியர் ஒருவர் அதே தெருவுக்கு மீண்டும் மீண்டும் திரும்பிவந்து, ஒவ்வொரு முறையும் வேறொரு வானத்திலிருந்து தொடங்கியதை அடுத்தடுத்து பார்க்க முடியும். அந்த அறையை அமைக்க வேண்டிய முதல் அருங்காட்சியகம் ரூவான்.